போன முறை ஒன்றும் ஆகவில்லை

என் பெயரில் கோப்பில் இருக்கும் முதல் இடர் மதிப்பீட்டுப் படிவத்தை நான் எழுதவில்லை. கையெழுத்து மட்டும்தான் என்னுடையது. ஆய்வகச் சோதனையில் என்ன கெடுதல் நேரலாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் படிவம் அது. வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், மூத்த மாணவர் ஒருவர் தம் கணினியில் இருந்த பழைய கோப்பைத் திறந்தார். தம் பெயரை அழித்தார், என் பெயரைத் தட்டினார், தேதியை மாற்றினார், அச்செடுத்துக் கையில் கொடுத்தார். அவருக்கும் அது அப்படித்தான் வந்து சேர்ந்திருந்தது. நெறியாளர் தொலைபேசியில் பேசிக்கொண்டே கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்திட்டார். எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

அந்தப் படிவத்தில் ஒன்பது வேதிப்பொருள்கள் இருந்தன. எட்டை நான் பயன்படுத்தப் போகிறேன் என்று தெரியும். ஒன்பதாவது, டைஐசோபுரொப்பைல் ஈதர். என் வேதிவினையில் அந்தக் கரைப்பானுக்கு வேலையே இல்லை. கேட்டேன். “முன்பு யாரோ பயன்படுத்தியிருப்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். குறைவாக எழுதுவதைவிடக் கூடுதலாக எழுதுவது நல்லதுதானே?” என்றார். நியாயமாகத்தான் பட்டது. ‘கழிவு’ என்ற கட்டத்தில் “உரிய முறையல் அகற்றப்படும்” என்று இருந்தது. அந்த அச்சுப்பிழையைத் திருத்தவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஆண்டு ஒரு மதியம் எங்கள் ஆய்வகத்தில் கழிவுப் புட்டி ஒன்று வெடித்தது. வைத்தவள் நான்.

நடந்தது எளியது. வடிகட்டும் கண்ணாடிப் புனல்களில் கறை போகவில்லை. அடர் நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினேன். எஞ்சிய அமிலத்தைக் கழிவாக ஊற்ற ஒரு புட்டி வேண்டியிருந்தது. மேசையடியில் காலிப் புட்டி ஒன்று இருந்தது. பார்த்தால் சுத்தமாக இருந்தது. அதில் ஊற்றி, மூடியை நன்றாகத் திருகி, நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டான ஃப்யூம் ஹூடின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அந்தப் புட்டியில் அதற்கு முன் இருந்தது எத்தனால். அடியில் ஒரு விரற்கடை அளவு மீதம் இருந்திருக்கவேண்டும்.

நைட்ரிக் அமிலமும் எத்தனாலும் சேர்ந்தால் உடனே எதுவும் தெரியாது. இதுதான் அந்தக் கலவையின் சூழ்ச்சி. வினை மெல்லத் தொடங்கும். அதில் உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடுகளே வினையை மேலும் விரைவுபடுத்தும். வெப்பம் ஏறும், ஏறிய வெப்பம் வேகத்தைக் கூட்டும், கூடிய வேகம் மறுபடி வெப்பத்தை ஏற்றும். வாயு வெளியேற வழியில்லாத மூடிய புட்டி அந்த நேரத்தில் குண்டாகிவிடுகிறது. நான் பத்து நிமிடம் அதன் அருகிலேயே நின்று புனல்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்தபோது ஹூடுக்குள் பழுப்பு நிறப் புகை சுழன்றுகொண்டிருந்தது, கண்ணாடிச் சில்லுகள் எதிர்ச்சுவர் வரை போயிருந்தன. ஹூடின் முன்கதவைப் பாதி திறந்தபடி விட்டிருந்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை நேர்மையாக இராது.

யாருக்கும் அடிபடவில்லை. அதனால் அது ‘விபத்து’ ஆகவில்லை. பெருக்கித் துடைத்தோம், நெறியாளர் சற்றுக் கடிந்துகொண்டார், அத்தோடு முடிந்தது. ஒரு வரி எங்கும் பதியப்படவில்லை. பக்கத்து ஆய்வகத்தில் இருந்தவர்களுக்குக் கூடத் தெரியாது.

பின்னாளில் அந்தப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். நைட்ரிக் அமிலம் அதில் இல்லை. ஏன் இருக்கப்போகிறது? படிவம் வினையைப் பற்றியது. பாத்திரம் கழுவுவது வினையில் சேராது என்பது எங்கள் எல்லாருடைய எண்ணம். வினை தொடங்குவதற்கு முன் எடை போடுவதும், முடிந்தபின் கழுவுவதும், கழிவை ஊற்றுவதும், உடைந்ததைப் பெருக்குவதும் யாருடைய கணக்கிலும் வரவில்லை. ஆனால் மனிதர் அசந்திருக்கும் நேரமே அதுதான். ‘வேலை முடிந்தது’ என்று மனம் சொல்லிவிட்ட பிறகு மீதி வேலையைக் கைகள் மட்டும் செய்கின்றன.

தமிழில் நாம் எல்லாவற்றையும் ‘ஆபத்து’ என்று சொல்லிவிடுகிறோம். இங்கே இரண்டைப் பிரித்துப் பார்க்கவேண்டும். ஒரு பொருளுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும் கெடுதல் ஒன்று, அதை ஆபத்து என்று வைத்துக்கொள்வோம். அதை நாம் கையாளும் விதத்தில் அந்தக் கெடுதல் நம்மீது வந்து விழும் வாய்ப்பு இன்னொன்று, அது இடர். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கொடியது. நீர்த்த கரைசல் தோலில் பட்டால் உடனே வலிக்காது, பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் ஃபுளோரைடு உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் அதைத் தொடுகிறவர்கள் பயந்து தொடுகிறார்கள். முதலுதவி மருந்தான கால்சியம் குளுக்கோனேட் களிம்பை அருகில் வைத்துக்கொண்டு, தனியாக வேலை செய்யாமல், ஒருமுறைக்கு இருமுறை யோசித்துத் தொடுகிறார்கள். அசிட்டோனை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. தண்ணீர்போலப் பீய்ச்சி அடிக்கிறோம். ஒரு பொறி பட்டால் அதன் ஆவி தீப்பிடிக்கப் போதுமான வெப்பநிலை சுமார் −20 டிகிரி செல்சியஸ். அதாவது எந்த அறையிலும், எந்நாளும், அது பற்றிக்கொள்ளத் தயாராகவே இருக்கிறது. ஆபத்தில் சிறியது, இடரில் பெரியது. எங்கள் ஆய்வகத்தில் நான் பார்த்த சிறு தீ எல்லாமே அசிட்டோன் தீதான்.

இந்த இடரை எண்ணால் அளக்க ஓர் அட்டவணை உண்டு. நிகழும் வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை, விளைவின் கடுமைக்கு 1 முதல் 5 வரை. இரண்டையும் பெருக்கினால் வரும் எண் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று நிறம் சொல்லும். யோசனை நல்லதுதான். நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், முதலில் பச்சை என்று முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற எண்களைத் தேடுகிறோம். விளைவு 5 என்று எழுதினால் நெறியாளர் கேள்வி கேட்பார், அதனால் 3. வாய்ப்பு? ‘இதுவரை நடந்ததில்லை’, அதனால் 2. பெருக்கினால் 6, பச்சை. கைவிரல்கள் போய்விடக்கூடிய வினைக்கும், விரலில் சிறு எரிச்சல் தரும் வினைக்கும் ஒரே பச்சை நிறம் பூசியிருந்த கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். நிரப்பியவர்கள் எவரும் பொய்யர்களல்லர். ‘இதுவரை நடந்ததில்லை’ என்பது ஒரு சான்று என்று உளமார நம்பியவர்கள்.

எனக்கு இருக்கும் ஒரே வழக்கு அந்த நம்பிக்கையோடுதான்.

அமெரிக்காவின் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் 2010 ஜனவரியில் நடந்ததைப் பலமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். வெடிக்கும் தன்மையுள்ள சேர்மங்களை ஆராய்ந்த குழு அது. நிக்கல் ஹைட்ரசின் பெர்குளோரேட்டை ஒரு முறைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் செய்யக்கூடாது என்று ஒரு வரம்பு இருந்தது. அது வாய்மொழியாக மட்டுமே இருந்தது. எல்லாச் சோதனைகளுக்கும் ஒரே தொகுதி மாதிரி கிடைக்கட்டும் என்று மாணவர்கள் சுமார் 10 கிராம் செய்தார்கள். நூறு மடங்கு. கட்டிகட்டியாக வந்தது. ஒரு பகுதியைக் கல்வத்தில் இட்டு, ஹெக்சேன் என்ற கரைப்பானை ஊற்றி, குழவியால் மெல்ல உடைத்தார் ஒரு மாணவர். ஈரமாக இருந்தால் வெடிக்காது என்பது அவர்கள் சிறிய அளவில் கண்ட அனுபவம். வெடித்தது. மூன்று விரல்கள் போயின. அந்தக் கணத்தில் பாதுகாப்புக் கண்ணாடி கண்களில் இல்லை.

இந்தக் கதையைக் கேட்பவர்கள் ‘என்ன முட்டாள்தனம்’ என்று தலையசைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே மாதிரியில் எல்லாச் சோதனையும் செய்யவேண்டும் என்பது நல்ல ஆராய்ச்சியாளரின் எண்ணம். சிறிய அளவில் சரியாக வந்தது என்பதும் உண்மை. குறைந்தது ஒன்றே ஒன்று. அளவு கூடும்போது எல்லாம் ஒரே விகிதத்தில் கூடுவதில்லை என்ற உணர்வு. அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் இதை விசாரித்து 2011-இல் வெளியிட்ட அறிக்கை, அந்த மாணவர்களோடு நின்றுவிடவில்லை. அதே குழுக்களில் முன்பே நடந்த சிறு நிகழ்வுகள் பதியப்படாமல் போனதையும் பல்கலைக்கழகம் கவனிக்கத் தவறியதையும் எடுத்துச் சொன்னது. என் நைட்ரிக் அமிலப் புட்டியை நினைத்துக்கொண்டேன்.

அளவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் மாணவர்கள் அடிக்கடி வழுக்குவது இங்கேதான். வினையில் பிறக்கும் வெப்பம் கலவையின் கொள்ளளவைப் பொறுத்தது. வெளியேறும் வெப்பம் குடுவையின் பரப்பைப் பொறுத்தது. கொள்ளளவைப் பத்து மடங்காக்கினால் பரப்பு பத்து மடங்காவதில்லை, ஏறக்குறைய நாலரை மடங்குதான். மீதி வெப்பம் உள்ளேயே தங்கும். 10 மில்லிலிட்டரில் கைக்கு இதமாகச் சூடான அதே கலவை 1 லிட்டரில் பொங்கி மேலே வரும். ஐஸ் தொட்டி வைத்திருக்கிறேனே என்பார்கள். குடுவையின் சுவர் குளிர்ந்திருக்கும், நடுவில் என்ன நடக்கிறது என்று சுவருக்குத் தெரியாது. வெப்பமானியைக் கலவைக்குள் விடாமல் தொட்டிக்குள் விட்டுவிட்டு ‘பூஜ்ஜியத்தில் வைத்தேன்’ என்று குறிப்பேட்டில் எழுதுகிறவர்கள் ஏராளம்.

குடுவைக்குள் சுழன்று கலவையைக் கலக்கும் கிளறிக் காந்தம் நின்றுவிடுவது இன்னொன்று. சொட்டுச் சொட்டாக ஒரு பொருளைச் சேர்க்கிறோம், சூடு ஏறவில்லை, நன்றாகப் போகிறது என்று மகிழ்கிறோம். உண்மையில் காந்தம் எப்போதோ சிக்கி நின்றிருக்கும். சேர்த்ததெல்லாம் வினைபுரியாமல் ஓர் அடுக்காகத் தேங்கியிருக்கும். கவனித்துவிட்டு, அவசரமாகக் கிளறலை மீண்டும் தொடங்குவார்கள். ஒரு மணி நேரத்தில் நடக்கவேண்டிய வினை சில நொடிகளில் நடக்கும். இங்கேயும் பாருங்கள், ‘ஒன்றும் ஆகவில்லை’ என்பதுதான் எச்சரிக்கை. சூடாகவேண்டிய கலவை சூடாகாமல் இருந்தால் நிம்மதி அடையக்கூடாது, கையை நிறுத்தவேண்டும்.

ஹவாய் பல்கலைக்கழகத்தில் 2016 மார்ச்சில் ஓர் ஆய்வாளர் ஒரு கையை இழந்தார். நுண்ணுயிர்களுக்கு உணவாக ஹைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன் டைஆக்சைடு மூன்றையும் ஒரே கலனில் அழுத்தத்தில் கலந்து வைத்திருந்தார்கள். சுமார் 49 லிட்டர் கலன். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் ஒரே கலனில் அடைப்பது பற்றி இங்கே நான் எதுவும் விளக்கத் தேவையில்லை. நிலைமின் பொறி பற்றவைத்திருக்கவே அதிக வாய்ப்பு என்றது விசாரணை. என்னை உறுத்துவது அதற்கு முந்தைய நாள். அதே வகைக் கலவை இருந்த சிறிய கலன் ஒன்றுக்குள் ஏதோ வெடித்ததுபோல் சிறு ஒலி கேட்டது. அவர் அதைச் சொல்லவும் செய்தார். கவலைப்படவேண்டாம் என்ற பதில்தான் கிடைத்தது. ஆட்டம் காட்டிவிட்டுத்தான் வந்தது அந்த விபத்து. கேட்கத்தான் ஆள் இல்லை.

எல்லா விபத்தும் இப்படி முன்னறிவிப்போடு வருவதில்லை என்பதையும் சொல்லவேண்டும், இல்லையென்றால் நான் சொல்வது பாதிக்கப்பட்டவர்களைக் குறைசொல்வதில் போய் முடியும். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான் உலோகங்களின் நச்சுத்தன்மையையே ஆராய்ந்தவர். 1996 ஆகஸ்ட் 14 அன்று ஃப்யூம் ஹூடுக்குள், கண்ணாடி அணிந்து, ரப்பர் கையுறை போட்டு, டைமெத்தில் மெர்க்குரி என்ற பாதரசச் சேர்மத்தைக் கையாண்டார். ஓரிரு சொட்டுகள் கையுறைமேல் விழுந்தன. ஒழுங்காகத் துடைத்தார், கையுறையைக் கழற்றினார். ஐந்து மாதம் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. பிறகு நடை தடுமாறியது, பேச்சு குழறியது. 1997 ஜூன் 8 அன்று இறந்தார். வயது 48. அவர் இறப்பதற்கு முன்பே சோதித்துப் பார்த்ததில், அந்தச் சேர்மம் அவ்வகைக் கையுறையை 15 நொடிக்குள் கடந்துவிடுகிறது என்று தெரிந்தது. அதுவரை யாருக்கும் தெரியாது. அவர் அன்றைக்கு இருந்த விதிகளை மீறவில்லை. விதிகளுக்குத்தான் அந்தப் பொருளைத் தெரிந்திருக்கவில்லை.

அதிலிருந்து, படிவத்தில் வெறுமனே ‘கையுறை’ என்று எழுதியிருந்தால் எனக்குக் கோபம் வருகிறது. எந்தக் கையுறை? மெல்லிய நைட்ரைல் கையுறையை டைகுளோரோமீத்தேன் சில நிமிடங்களுக்குள் கடந்துவிடும். கையுறை போட்டிருக்கிறோம் என்ற துணிச்சலில் வெறுங்கையோடு இருப்பவரைவிட அலட்சியமாக இருப்போம், அதுதான் கெடுதல். சிலவற்றுக்குக் கையுறை தெறிப்பைத் தாங்கும் தாள் மட்டுமே. பட்டவுடன் கழற்றிக் கைகழுவிப் புதியது போடவேண்டும். கையுறையோடு கதவுப்பிடியையும் தொலைபேசியையும் தொடுகிறவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது.

உண்மையில் கையுறையும் கண்ணாடியும் அங்கியும் கடைசி அரண். அதற்கு முன் கேட்கவேண்டியவை பல. இந்தப் பொருள் வேண்டுமா? வேறு எளிய பொருள் போதாதா? பென்சீனுக்குப் பதில் டொலுயீன், சாதாரண ஹெக்சேனுக்குப் பதில் ஹெப்டேன், குரோமிக் அமிலக் கழுவலுக்குப் பதில் நல்ல சோப்புக் கரைசல். என் புனல்களுக்கும் நைட்ரிக் அமிலம் தேவைப்பட்டிருக்காது என்று பிறகு தெரிந்தது. படிவங்களோ முதல் படிகளைத் தாண்டிக் குதித்து நேராகக் கையுறையில் வந்து நிற்கின்றன. அவற்றை நிரப்புவது சுலபம்.

ஃப்யூம் ஹூடைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது உள்ளிழுக்கும் காற்றின் வேகம் வழக்கமாக நொடிக்கு அரை மீட்டர். நாம் சாதாரணமாக நடக்கும் வேகமே அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். முன்னால் ஒருவர் விறுவிறுவென்று கடந்து போனாலே உள்ளிருக்கும் ஆவி வெளியே இழுபடும். அதற்குள் பழைய புட்டிகளை அடைத்து வைத்து, காற்று போகும் பின்பக்கப் பிளவை மறைத்துவிட்டு, ‘ஹூடில்தானே செய்கிறேன்’ என்பவர்களுக்கு என்ன சொல்வது? அது அலமாரி அல்ல.

வேதியியல் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. 1879-இல் சாக்கரின் என்ற செயற்கை இனிப்பு கண்டுபிடிக்கப்பட்டது, ஒருவர் கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்ததால். 1937-இல் சைக்ளமேட், ஆய்வக மேசைமேல் வைத்த சிகரெட்டை எடுத்துப் புகைத்ததால். 1965-இல் அஸ்பார்ட்டேம், தாளை எடுக்க விரலை நாவில் வைத்ததால். மூன்றும் இனித்தன, மூன்று கதைகளும் நமக்கு வந்து சேர்ந்தன. பெரிலியத்துக்கும் முன்பு ‘குளுசினியம்’ என்றுதான் பெயர், அதன் உப்புகள் இனிப்பாக இருந்ததால். பெரிலியம் நுரையீரலை அழிக்கும், புற்றுநோய் தரும். சுவைத்துப் பார்த்து, கதைசொல்ல வாய்ப்பில்லாமல் போனவர்களின் பட்டியலை யாரும் தொகுக்கவில்லை. பிழைத்தவர்கள் சொல்வதை மட்டும் கேட்டு வளர்ந்தது எங்கள் துறை.

பல்கலைக்கழக ஆய்வகத்தின் தனிச்சிக்கல் இதில்தான் இருக்கிறது. தொழிற்சாலையில் ஒரே வேலையைப் பல ஆண்டு செய்தவர்கள் செய்கிறார்கள். இங்கே ஒவ்வொரு வாரமும் புது வேலை, செய்பவர்களோ கற்றுக்கொள்ள வந்தவர்கள். ஓரளவு கைதேர்ந்ததும் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்களோடு அறிவும் போய்விடுகிறது. புட்டிகள் மட்டும் தங்கிவிடுகின்றன.

புட்டிகள் தங்குவதில் ஈதர்கள் தனி ரகம். காற்றும் வெளிச்சமும் பட்டால் அவை மெல்ல மெல்லப் பெராக்சைடுகளை உண்டாக்கும். கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் அவை, காய்ச்சி வடிக்கும்போது அடியில் திரண்டு வெடிக்கும். டெட்ராஹைட்ரோஃபியூரானும் டைஎத்தில் ஈதரும் இந்தக் குற்றத்தில் தெரிந்த முகங்கள். இவற்றில் மிகப் பொல்லாதது டைஐசோபுரொப்பைல் ஈதர். அதில் பெராக்சைடு படிகமாகவே வெளிவரும், சில சமயம் மூடியின் மரையைச் சுற்றி. அந்த நிலையில் மூடியைத் திருகும் உராய்வு போதும். அதனால்தான் ஈதர் வந்த தேதியையும் திறந்த தேதியையும் புட்டியில் எழுதச் சொல்கிறோம். எழுத அரை நிமிடம் ஆகும். எழுதாத புட்டிகளை நான் இன்றும் பார்க்கிறேன்.

இப்போது நானே ஓர் ஆய்வகத்துக்குப் பொறுப்பு. புதிய வினை தொடங்கும் மாணவரைக் காலி ஹூடின் முன் நிறுத்தி, வெறுங்கையால், வாயால் சொல்லிச் செய்துகாட்டச் சொல்கிறேன். “இங்கே குடுவை, இங்கிருந்து ஊற்றுகிறேன்” என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். நான் நடுவில் புகுந்து கேட்பேன். மின்சாரம் போய்விட்டது, என்ன செய்வாய்? காந்தம் நின்றுவிட்டது? சிரிஞ்சின் தண்டு கழன்றுவிட்டது? கண்ணில் தெறித்துவிட்டது, கண்ணை மூடிக்கொண்டு கண்கழுவி வரை நடந்து காட்டு. வழியில் நாற்காலி இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எல்லாம் முடிந்தது, இந்தப் பீக்கரில் என்ன மீதியிருக்கிறது, எந்தப் புட்டியில் ஊற்றுவாய், அதில் முன்பு என்ன இருந்தது? கால் மணி நேரம் ஆகும். பொருளின் பாதுகாப்புத் தரவுத்தாள் 16 பிரிவுகளில் எவ்வளவோ சொல்லும், ஆனால் அது ஒரு பொருளைப் பற்றியது. உங்கள் புட்டிக்குள் இரண்டு பொருள்கள் சந்திக்கப் போகின்றன என்று அதற்குத் தெரியாது.

கதவருகே ஒரு நோட்டும் தொங்குகிறது. ‘தப்பித்தவை’ என்று மேலே எழுதியிருக்கிறேன். பெயர் எழுதவேண்டாம், என்ன நடந்திருக்கக்கூடும் என்று மட்டும் எழுதினால் போதும். முதல் இரண்டு மாதம் நோட்டு காலியாகவே கிடந்தது. பிறகு என் நைட்ரிக் அமிலக் கதையை, பாதி திறந்த கதவு உட்பட, முதல் பக்கத்தில் என் பெயரோடு எழுதினேன். அந்த வாரமே மூன்று பதிவுகள் வந்தன. அதில் ஒன்றைப் படித்துவிட்டு எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

படிவத்தைக் கைப்பட எழுதவேண்டும் என்பது என் இன்னொரு விதி. ஒரே பக்கம், பேனாவால். சக ஆசிரியர்களுக்கு இதில் உடன்பாடில்லை, கணினி யுகத்தில் இதென்ன என்கிறார்கள். அந்த விதி எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன்.

படித்த அதே துறைக்கு ஆறு ஆண்டுகள் கழித்து ஆசிரியையாகத் திரும்பினேன். முதல் பருவத்திலேயே ஒரு மாணவி கையெழுத்துக்குப் படிவத்தோடு வந்தாள். அழகாக அச்சிட்டிருந்தது. ‘கழிவு’ கட்டத்தில் கண் போய் நின்றது. “உரிய முறையல் அகற்றப்படும்.” மேலே எண்ணினேன். ஒன்பது பொருள்கள். ஒன்பதாவது, டைஐசோபுரொப்பைல் ஈதர்.

“இதை எதற்குப் பயன்படுத்துகிறாய்?”

“பயன்படுத்தவில்லை, மேடம். படிவத்தில் இருந்தது.”

“எங்கே இருக்கிறது?”

அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது, நான்கு ஆண்டுகள் அந்த அறையில் இருந்தும் நான் தேடியதே இல்லை. சரி, பார்த்துவிடுவோம் என்று இருவரும் கரைப்பான் அலமாரியைத் திறந்தோம். எதையும் எடுக்காமல், டார்ச் அடித்து, வரிசையாகப் பெயர்களைப் படித்தோம். கீழ்த்தட்டில், சுவரோரமாக, ஒரு பழுப்புப் புட்டி. பெயர்த்தாளின் விளிம்பு மஞ்சளாகிச் சுருண்டிருந்தது. திறந்த தேதிக்கான இடம் வெறுமையாக இருந்தது. மூடிக்கும் கழுத்துக்கும் நடுவே, வெளிச்சம் பட்டதும், உப்புப் பூத்ததுபோல் வெள்ளையாக ஏதோ மின்னியது.

அவள் கை நீண்டது. பிடித்து நிறுத்தினேன்.

கதவை மூடக்கூட இல்லை. அதிர்வு கூடாது என்று அப்படியே விட்டுவிட்டு, அந்தத் தளத்தில் இருந்த எல்லாரையும் வெளியே அனுப்பினோம். வெடிபொருள் கையாளத் தெரிந்தவர்களுக்குச் சொல்லிவிட்டுக் கட்டடத்துக்கு வெளியே நின்றோம். அவர்கள் வர மூன்று மணி நேரம் ஆயிற்று. என் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்ததால் படிக்கட்டில் உட்கார்ந்தேன். மாணவி பக்கத்தில் உட்கார்ந்து, கையில் கசங்கியிருந்த படிவத்தைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்படியானால் படிவம் சரியாகத்தான் இருந்தது, இல்லையா, மேடம்?” என்றாள்.